மருந்தா, உப்புத் தண்ணீரா

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிண்டினது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கை பேனா பிடித்ததைவிடச் சீமெந்து மூட்டை பிடித்ததுதான் அதிகம். வாசிக்கிறவர்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டு வாசியுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பு வரைக்கும் போய் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். கண்டியில் நான் வேலை செய்கிற இரும்புக் கடையில் என் குரலைக் கேட்காதவர்கள் உண்டு. இப்படிப்பட்டவனுக்குக் கோபம் வந்தால் அது போக இடமில்லாமல் உள்ளேயே கிடக்கும். ஒரு வருடமாகக் கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனைவி தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் நாங்கள் இருவர்தான். போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரொட்டியைப் பிய்த்து வாயில் வைப்பாள், மெல்லுவாள், நெஞ்சைத் தடவுவாள், பிறகு வெளியே போய்த் துப்பிவிட்டு வருவாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கேஸ்தான். காரத்தக் கொறை. டீயக் கொறை" என்றார்.

மலை மலையாகத் தேயிலைக்குள் நிற்கிறவளிடம் டீயைக் குறைக்கச் சொன்ன மனிதர் அவர். வெள்ளைத் தண்ணி மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். அது முடிய இன்னொரு போத்தல். அவள் ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் பரவாயில்ல ஐயா" என்று சொல்லி வாங்கி வந்தாள். அது பொய். சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. நான் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். அங்கே வாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டுக் குழாயும் இரைப்பையும் சேர்கிற இடத்தில் கட்டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலுக்கும் போய்விட்டது. வெட்டி எடுக்க வழியில்லை, மருந்துதான் என்றார்கள்.

அங்கேதான் அந்தப் பெண் எங்களிடம் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். ஆஸ்பத்திரியில் நடக்கிற மருந்து ஆராய்ச்சிக்கு ஆட்களைப் பார்த்து விளக்கம் சொல்வது அவள் வேலை. பெரிய டொக்டருக்குத் தமிழ் தெரியாது, அதனால் அவர் பேசுவதையும் அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். நாங்கள் அவளை மிஸ் என்று கூப்பிட்டோம். எங்கள் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவசரப்படாமல் பேசினாள். அதை நான் மறுக்கவில்லை.

"அம்மா, உங்கட கட்டியில ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதிச்சவை. அதின்ர மேல்பக்கத்தில ஒரு பொருள் கூடுதலா இருக்கு. எல்லாருக்கும் அப்பிடி இருக்கிறேல்ல. அந்தப் பொருளைத் தேடிப்போய்ப் பிடிக்கிற ஒரு புது மருந்து இருக்கு. கீமோவோட சேர்த்து அதைக் குடுத்தா நல்லதோ எண்டு பாக்கினம்."

"பாக்குறாங்கன்னா?" என்றாள் என் மனைவி.

"கீமோ எல்லாருக்கும் குடுப்பினம். அதோட இன்னொரு பை ஏத்துவினம். பாதிப் பேருக்கு அந்தப் பைக்குள்ள புது மருந்து இருக்கும். மற்றப் பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. ஆருக்கு எது எண்டு கொம்பியூட்டர்தான் குலுக்கி எடுக்கும். எனக்கும் தெரியாது. பெரிய டொக்டருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. விருப்பமில்லாட்டி வேண்டாம் எண்டு சொல்லலாம். அப்பவும் கீமோ கிடைக்கும்."

என் மனைவி தலையை ஆட்டினாள். எல்லாம் விளங்கியது என்றாள். கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து மருந்து எடுக்கும் வரிசையில் நிற்கும்போது என் காதுக்குள் சொன்னாள்:

"கொம்பியூட்டராம். நெரைய கங்காணி குடுக்காம காத்தா குடுக்கும்?"

இதைத் தோட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியதும் யாருக்கு எந்த நெரை என்று கங்காணி பிரித்துவிடுவார். நெரை என்றால் தேயிலைச் செடி வரிசை. நல்ல நெரையில் நின்றால் கூடை சீக்கிரம் நிறையும். கல்லுப் பக்கத்து நெரையில் நின்றால் கால்தான் வழுக்கும். நல்ல நெரை வேண்டும் என்றால் கங்காணியிடம் முகம் சுளிக்கக் கூடாது. காய்ச்சல் என்று சொல்லக் கூடாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெற்றிலை பாக்கோடு பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் வேலை செய்தார்கள். என் மனைவி ஆஸ்பத்திரிக்கும் அதையே எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் தடவை மருந்து ஏற்றுகிற அன்றைக்கே ஒரு பையில் வெற்றிலையும் பாக்கும் ஒரு கட்டு வல்லாரையும் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"ஐயோ அம்மா, இதெல்லாம் வேண்டாம். நாங்கள் வாங்கக் கூடாது."

"கீரைதான் மிஸ். எங்க தோட்டத்துல மொளைச்சது. வாங்கிக்கங்க."

"அம்மா, இதுக்காக நான் ஒண்டும் மாத்தேலாது. அதுவும் வெத்திலை! நான் வெத்திலை போட்டா என்ர அம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

மூவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு என் மனைவி அந்தப் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் திருப்தியாக இருந்தாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போனோம். வீட்டில் விழுங்கக் கீமோ மாத்திரையும் தந்தார்கள், நாங்கள் குளுசை என்போம். ஒவ்வொரு தடவையும் பெரிய டொக்டர் கோப்பைப் புரட்டிக்கொண்டே "கொஹொமத?" என்று கேட்பார். எப்படி இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெண் தமிழில் சொல்ல வாயெடுக்கும் முன்னமே என் மனைவி "ஹொந்தாய் மஹத்தயா" என்பாள். நல்லா இருக்கிறேன் ஐயா. அவளுக்குச் சிங்களத்தில் தடுமாறாமல் வருகிற வார்த்தை அது ஒன்றுதான். பிறகு அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"வாந்தி?"

"இல்ல மிஸ்."

"வயித்தோட்டம்? கைகால் விறைப்பு? வாய்ப்புண்?"

"ஒன்னும் இல்ல மிஸ். நல்லா இருக்கு."

வாய்க்குள்ளே புண்ணாகி வெறும் கஞ்சியும் எரிந்தது. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியில் ஊசி குத்தியது. ஆஸ்பத்திரியில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு தடவை பெரிய டொக்டர் சிரித்து ஏதோ சொன்னார். அந்தப் பெண் எங்களுக்குச் சொன்னாள்: "உங்கட மனிசியைப் போல ஆக்கள் வந்தா வேலை லேசு எண்டு சொல்லுறார். நல்ல நோயாளியாம்." என் மனைவியின் முகம் அப்படி மலர்ந்ததை நான் கலியாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கு அந்த மேசையைப் புரட்டிப்போட வேண்டும் போல இருந்தது. புரட்டவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றை உண்மையாக எழுதவேண்டும். மருந்து வேலை செய்தது. ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. அவள் சோறு சாப்பிட்டாள். மாசிச் சம்பலோடு ரொட்டி சாப்பிட்டாள். கீமோவால் சுருங்கியதா, அந்த மற்றப் பையால் சுருங்கியதா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். "எனக்கு நல்ல பைதான் குடுக்குறாங்க" என்று லயத்தில் எல்லோரிடமும் சொன்னாள். "அங்க ஒரு பொம்பள, கம்பளைக்காரி, எப்பப் பாத்தாலும் அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு பொலம்பிக்கிட்டே இருப்பா. அவளுக்குத் தண்ணிதான் ஏத்துறாங்க. பாத்தாலே தெரியுது."

மழை விட்ட பிறகு அவள் கால் வீங்கியது. செருப்பின் வார் தோலுக்குள் பதிந்து கிடந்தது. ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுகிற படியில் நின்று நின்று ஏறினாள். செடியைப் பார்க்கிற மாதிரி நிற்பாள். வேலியில் இருக்கிற பூவைப் பார்க்கிற மாதிரி நிற்பாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைக்கு மேல் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கினாள். அந்தப் புது மருந்து சில பேருக்கு நெஞ்சைப் பலவீனமாக்கும், அதனால் இடைக்கிடை நெஞ்சை ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம், இடையில் மூச்சு வாங்கினால் உடனே சொல்லுங்கள் என்று அந்தப் பெண் முதலே சொல்லியிருந்தாள். முதலாவது ஸ்கேன் நன்றாக இருந்தது. அடுத்ததற்கு இன்னும் நாள் இருந்தது.

"சொல்லிருவோம் புள்ள" என்றேன்.

"சொன்னா நிப்பாட்டிருவாங்க."

"நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். மூச்சு நின்னா என்ன செய்வ?"

"கட்டி கரையுது. நீங்க பாத்தீங்கதானே? இப்ப வாயைத் தொறந்து கெடுத்துக்கச் சொல்றீங்களா? என் தலையில கைய வைங்க. வச்சு சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

முடி கொட்டி வழுவழு என்று இருந்த அந்தத் தலையில் கை வைத்தேன். வைத்துச் சொன்னேன். அப்படிச் சொல்ல வைத்ததற்காக அவள் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம்.

அடுத்த கிளினிக் நாள் வந்தது. பெரிய டொக்டர் கேட்டார். இவள் "ஹொந்தாய்" என்றாள். அந்தப் பெண் கேட்டாள், "மூச்சு வாங்குதோ அம்மா?"

"இல்ல மிஸ்."

அதைச் சொல்லி முடிக்கவே இவளுக்கு இரண்டு மூச்சுத் தேவைப்பட்டது. நான் கதவோரத்தில் நின்றேன். என் வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

"பொய் சொல்றா மிஸ்! எல்லாம் பொய்! படியேற ஏலாது இவளுக்கு. காலைப் பாருங்க, தூணு மாதிரி இருக்கு. சேலைய இழுத்து விட்டு மறைச்சிக்கிட்டு வந்திருக்கா. படுக்க ஏலாது. வாயெல்லாம் புண்ணு. எல்லாத்துக்கும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்றா, நீங்களும் நல்லாருக்குன்னு எழுதிக்கிட்டுப் போறீங்க!"

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பெரிய டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். அந்தப் பெண் கீழே குனிந்து சேலையை ஒதுக்கி என் மனைவியின் காலை விரலால் அழுத்தினாள். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

அன்றைக்கே நெஞ்சை ஸ்கேன் பண்ணினார்கள். இரத்தம் தள்ளுகிற பலம் நன்றாகக் குறைந்துவிட்டது. கீமோ இருக்கும், அந்த மற்றப் பை இனி இல்லை என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ் பேராதனையைத் தாண்டியது. அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டே தொடங்கினாள்.

"கண்டக்டர்கிட்ட வாயத் தொறக்கமாட்டீங்க. மொதலாளிகிட்ட வாயத் தொறக்கமாட்டீங்க. பொண்டாட்டியக் காட்டிக் குடுக்க மட்டும் அந்த வாய் எப்படித் தொறந்துச்சு?"

"உசிரு போயிரும்னுதான் சொன்னேன்."

"தண்ணி ஏத்தினா நெஞ்ச அடைக்குமா? சொல்லுங்க. அடைக்காதுதானே? அப்ப எனக்குக் கெடைச்சது மருந்து. நெசமான மருந்து. கெடைச்சதத் தட்டி விட்டுட்டீங்க."

கலஹாவில் ஏறின ஒரு கிழவர் எங்களுக்கு நடுவில் இருந்த இடத்தில் உட்காரப் பார்த்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கடையில் சாப்பாட்டு நேரத்தில் நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன்.

"மிஸ், எனக்கு மட்டும் சொல்லுங்க. அது மருந்தா, தண்ணியா?"

"ஐயா, சத்தியமா எனக்குத் தெரியாது. சில கீமோவாலயும் நெஞ்சு பலவீனப்படலாம். நானும் நீங்களும் ஊகிக்கத்தான் ஏலும்."

"திருப்பித் தொடங்க மாட்டாங்களா?"

அவள் என்னைச் சுவரோரமாகக் கூட்டிப்போனாள். பிறகு சொன்னாள்: "கால் வீங்கத் தொடங்கின உடன சொல்லியிருந்தா, கொஞ்ச நாள் நிப்பாட்டி வைச்சு, நெஞ்சு தேறின பிறகு திருப்பித் தொடங்கியிருக்கலாம். அப்பிடித்தான் வழமையாச் செய்யிறவை. இப்ப நல்லாக் குறைஞ்சு போச்சு. அடுத்த ஸ்கேனில கூடினாத்தான் பெரிய டொக்டர் யோசிப்பார்."

"நீங்க ஏன் மிஸ் அழுத்திக் கேக்கல?"

"ஒவ்வொரு முறையும் கேட்டனான் ஐயா" என்றாள். கண் கலங்கியிருந்தது. கேட்டாள்தான். நான் பக்கத்தில் நின்றேன்தான். கடைக்குத் திரும்பி வந்து சீமெந்து மூட்டைகளை இறக்கும்போது ஒன்று வெடித்தது. முதலாளி கத்தினார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

வீட்டில் அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அப்படி இருக்கிற நாளில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காணி பார்க்க வந்தார். ஆப்பிள் கொண்டுவந்தார். நான் கதிரை போட்டேன்.

"ஒன்னும் ஆகாது புள்ள" என்றார் கங்காணி. "ஒன்னய மாதிரி கொணமான பொம்பள தோட்டத்துல கெடையாது. இத்தன வருசத்துல ஒரு நாளு மூஞ்சி தூக்கினதில்ல."

என் மனைவி அவரையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்பறம் ஏங்க கங்காணி எனக்கு எப்பவும் அந்தக் கல்லுப் பக்கத்து நெரையவே குடுத்தீங்க?"

அவர் சங்கடமே படவில்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மத்தவளுங்களுக்கு அதக் குடுத்தா சண்டைக்கு வருவாளுங்க. சங்கத் தலைவர்கிட்டப் போவாளுங்க. நீதான் ஒன்னும் சொல்லமாட்ட."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவளைப் புகழ்ந்து சொன்னார். நான் எழுந்து அவருடைய குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மழை இல்லை. அவருக்கு விளங்கியதா என்று தெரியாது, எழுந்து போனார்.

என் மனைவி அழவில்லை. ஒரு ஆப்பிளை எடுத்துச் சேலையில் துடைத்தாள். பல நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"கத்தியக் கொண்டாங்க. அந்த ஆப்பிள வெட்டுவோம். அதையாச்சும் தின்னுவோம்."

அதற்கு அடுத்த கிளினிக்கில் பெரிய டொக்டர் கோப்பைப் புரட்டிக்கொண்டு "கொஹொமத?" என்றார். இவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், நான் சொல்றத ஒன்னு விடாம அவருக்குச் சொல்லுங்க. கால் மரத்துப்போய் செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரியல. பித்தான் போட ஏலாது, இந்த மனுசன்தான் போட்டு விடுறாரு, அதுவும் கோணலா. கீமோ குளுசையில பாதி வாந்தியில போவுது, நான் சொல்லல. பல்லு வெளக்கினா ரத்தம். பத்து தரம் கக்கூசுக்குப் போறேன், எங்க லயத்துல கக்கூஸ் கீழ இருக்கு, எறங்கி ஏறணும், அதையும் சொல்லுங்க. டிஸ்பென்சரிக்காரரு என் வயித்தத் தொட்டுப் பாக்காம கேஸ்னு சொன்னாரு, அதையும் சொல்லுங்க."

"அம்மா, அது இவருக்கு..."

"சொல்லுங்க மிஸ். இவரும் டொக்டர்தானே."

அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். டொக்டர் எழுதினார். கொஞ்ச நேரத்தில் மணிக்கூட்டைப் பார்த்தார். வெளியே வரிசை நீளம், எனக்கும் தெரியும். கோப்பை மூடி எழும்பப் பார்த்தார். நான் கதவை விட்டு நகரவில்லை.

"தவ தியெனவா மஹத்தயா" என்றேன். இன்னும் இருக்கிறது ஐயா. கடையில் லொறி இறக்கும்போது மூட்டை மிச்சம் இருந்தால் சொல்கிற வார்த்தை.

அவர் உட்கார்ந்தார்.

குளுசையின் அளவை மாற்றினார்கள். வாந்தி நின்றது. கால் வீக்கத்துக்கும் மருந்து கொடுத்தார்கள், வடிந்தது. இப்போது படுத்துத் தூங்குகிறாள். ஆனால் போன மாதம் எடுத்த நெஞ்சு ஸ்கேனில் பலம் கூடியது போதாது என்றார் டொக்டர். அந்தப் பை அவளுக்கு இனி ஒருபோதும் இல்லை. கட்டி இப்போதைக்கு வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அப்படியே இருக்கிறது. அது எத்தனை நாளைக்கு அப்படி இருக்கும் என்று நாங்கள் கேட்டோம். அதற்கு அந்தப் பெண் மொழிபெயர்த்த பதில் நீளமாக இருந்தது, ஆனால் அதற்குள் ஒன்றும் இல்லை.

வெளியே வரும்போது என் மனைவி அவளை நிறுத்தினாள்.

"அது மருந்தா தண்ணியான்னு எப்ப மிஸ் சொல்லுவாங்க?"

"எல்லாருக்கும் மருந்து குடுத்து முடிஞ்சு, கணக்கெல்லாம் பாத்த பிறகு அம்மா. வேற வேற நாட்டிலயும் நடக்குது. வருசக்கணக்காகும்."

"எத்தன வருசம் ஆனாலும் சரி. என் பேரத் தொலைச்சிராதீங்க. அதக் கேக்காம நான் செத்துப்போக மாட்டேன்."

2025 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்.